நான்கே உயிர்ப்புள்ளி கொண்ட படகுக்காரி



ஒரு வீட்டின் சாப்பாட்டு மேசையைக் கற்பனை செய்து பாருங்கள். சுற்றிலும் ஐந்து பேர் அமர்ந்திருக்கிறார்கள். நடுவில் பென்சில்கள், தாள்கள், பகடைகள். பகடைகளுள் ஒன்றுக்கு இருபது முகங்கள். ஒருவர் மட்டும் ஓர் அட்டைத் திரைக்குப் பின்னால் அமர்ந்து கதை சொல்கிறார். மற்ற நால்வரும் அந்தக் கதைக்குள் இருக்கிறார்கள். ஒருவர் வாள் வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் பூசாரி, ஒருவர் திருடர்.

"கோட்டை வாசலில் ஒரு காவலன் நிற்கிறான்" என்கிறார் கதை சொல்பவர்.

"எப்படிப்பட்டவன்?" என்று கேட்கிறார் ஒருவர்.

"காவலன்தான். கையில் ஈட்டி வைத்திருக்கிறான்."

அவ்வளவுதான். நால்வரும் பகடையை எடுக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் காவலன் செத்து விழுகிறான். அவன் பெயர் என்ன, ஏன் அங்கே நின்றான் என்று யாரும் கேட்கவில்லை. கதை அவனைத் தாண்டிப் போய்விடுகிறது.

இதில் தவறு யாருடையது? ஆட்டக்காரர்களைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. அவர்களுக்குக் காட்டப்பட்டது ஒரு ஈட்டி மட்டுமே. ஈட்டியைக் கண்டவர்கள் வாளை உருவினார்கள். அங்கே ஒரு மனிதனைக் காட்டியிருந்தால் அந்த இரவு வேறு விதமாகப் போயிருக்கும். அந்த மனிதனை உருவாக்குவது எப்படி என்பதே இன்றைய உரையின் பொருள்.

ஒருவரே நூறு பேர்

இந்த வகை விளையாட்டுக்குப் பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு என்று பெயர். இவற்றுள் மூத்ததும் பெரும்புகழ் பெற்றதும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகிய இரு அமெரிக்கர்கள் உருவாக்கிய இந்த விளையாட்டு, 1974-ஆம் ஆண்டு மூன்று சிறு புத்தகங்கள் அடங்கிய ஒரு பெட்டியாக வெளிவந்தது. முதலில் அச்சிடப்பட்டவை 1,000 பெட்டிகள் மட்டுமே.

ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம்தான். ஆனால் கதை சொல்பவருக்கு அப்படியல்ல. அவரை டஞ்சன் மாஸ்டர் என்பார்கள்; தமிழில் ஆட்ட நடத்துநர் எனலாம். நாயகர்களைத் தவிர அந்த உலகில் உள்ள அத்தனை பேரும் அவர் பொறுப்பில்தான். அரசன், விடுதிக்காரர், பிச்சைக்காரர், கொள்ளைக்காரன், குகையில் உறங்கும் டிராகன் எல்லாருக்கும் அவரே குரல் கொடுக்க வேண்டும். தெருக்கூத்தில் கட்டியங்காரன் வாயிற்காவலனாகவும் தூதனாகவும் கோமாளியாகவும் மாறி மாறி வருவது நினைவுக்கு வரலாம். அதே வேலைதான் இது. வேடமும் மேடையும் கிடையாது. குரலும் ஒரு துண்டுத் தாளும் மட்டுமே உண்டு.

இப்படி நடத்துநர் கையில் உள்ளவர்களை ஆட்டக்காரர்கள் என்.பி.சி. என்று அழைப்பர். ஆட்டக்காரர் கையில் இல்லாத பாத்திரம் என்பது அதன் பொருள். இந்த உரையில் அவர்களைத் துணைப் பாத்திரங்கள் என்று குறிப்பிடுவோம்.

முதலில் வந்தது ஆசை, பிறகுதான் எண்

துணைப் பாத்திரம் உருவாக்க உட்காரும் புதியவர் பெரும்பாலும் எண்களில்தான் தொடங்குகிறார். வலிமை எவ்வளவு, எத்தனை அடி தாங்குவான், எந்த ஆயுதம் என்று அரைமணி நேரம் கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கு தேவைதான். ஆனால் வரலாற்றைப் பார்த்தால் இந்த விளையாட்டு வகை எண்ணில் பிறக்கவில்லை, ஆசையில்தான் பிறந்தது.

1969-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மினியாப்பொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரங்களில் போர் விளையாட்டில் ஆர்வம் கொண்ட நண்பர் குழு ஒன்று இருந்தது. பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்தி நெப்போலியன் காலத்துப் போர்களை நடத்திப் பார்ப்பது அவர்களின் வழக்கம். அவர்களில் டேவிட் வெஸ்லி என்பவர் ஒரு நாள் புதுமையாக ஒன்று செய்தார். போருக்கு இடையில் சிக்கிய பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மானிய ஊரை எடுத்துக்கொண்டார். மேயர், வங்கியாளர் என்று அந்த ஊர் மக்களின் வேடங்களை நண்பர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு நோக்கத்தையும் சொல்லிவைத்தார்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஆட்டம் அவர் கட்டுக்குள் நிற்கவில்லை. அவரவர் தம் நோக்கத்தை நிறைவேற்ற மூலைக்கு மூலை பேரம் பேசத் தொடங்கிவிட்டார்கள். ஆட்டம் தோற்றுவிட்டது என்றே வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ மறுபடியும் வேண்டும் என்று கேட்டார்கள். அந்த நண்பர்களுள் ஒருவர்தான் டேவ் ஆர்னிசன். 1971-இல் அவர் பிளாக்மூர் என்ற மாயாஜால உலகைத் தொடங்கினார். அதிலிருந்தே டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வளர்ந்தது.

ஊரில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனக்கென ஒரு வேண்டுதல் இருக்க வேண்டும் என்பதே வெஸ்லியின் ஆட்டம் தந்த பாடம். அந்த வேண்டுதல் நாயகர்களைப் பற்றியதாக இருக்கக் கூடாது. நாயகர்கள் அந்த ஊருக்கு வராமலே போயிருந்தாலும், மறுநாள் காலை அந்த மனிதர் அதையேதான் வேண்டிக்கொண்டு எழுந்திருப்பார். அப்படி ஒரு வேண்டுதல் அமைந்துவிட்டால் பாத்திரம் பாதி முடிந்தது.

இரத்தக்காட்டேரி ஏன் இங்கே இருக்கிறான்?

இதற்குச் சிறந்த சான்று 1983-இல் வெளிவந்த ராவன்லாஃப்ட் என்ற கதைத்தொகுப்பு. எழுதியவர்கள் டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் என்ற கணவன் மனைவியர். ஒருமுறை டிரேசி ஆடிய ஓர் ஆட்டத்தில், பாதாளக் குகை ஒன்றில் திடீரென ஓர் இரத்தக்காட்டேரி எதிர்ப்பட்டது. மற்ற பூதங்களோடு அதுவும் ஓர் அறையில் சும்மா நின்றுகொண்டிருந்தது. 'இவன் ஏன் இங்கே இருக்கிறான்?' என்ற கேள்வி டிரேசியை விடவில்லை.

அந்தக் கேள்விக்கு விடையாக இருவரும் சேர்ந்து உருவாக்கிய பாத்திரமே ஸ்ட்ராட் பிரபு. போரிலேயே இளமையைத் தொலைத்தவன். தன் தம்பி மணக்கவிருந்த டட்யானா என்ற பெண்ணின் மேல் ஆசை கொள்கிறான். திருமண நாளிலேயே தம்பியைக் கொல்கிறான். அந்தப் பெண்ணோ அவனிடமிருந்து தப்பக் கோட்டை மதிலில் இருந்து குதித்துவிடுகிறாள். சாகவும் முடியாமல் வாழவும் முடியாமல் அவன் அந்தக் கோட்டையிலேயே கிடக்கிறான்.

இரத்தக்காட்டேரிக்கான எண்கள் விதிப்புத்தகத்தில் ஏற்கெனவே இருந்தன. ஹிக்மன் தம்பதியர் சேர்த்தது ஒரு காரணத்தை. அந்தக் காரணத்திற்காகத்தான் 40 ஆண்டுகளுக்குப் பிறகும் உலகெங்கும் மேசைகளில் ஸ்ட்ராட் வருகிறான். 2016-இல் அவன் கதை புதிய நூலாகவும் விரிவாக்கப்பட்டது.

ஸ்ட்ராட் பெரிய வில்லன். சிறியவர்களுக்கும் இதே விதிதான். 1979-இல் கைகாக்ஸ் எழுதிய ஹோம்லெட் கிராமம் என்ற தொகுப்பில் எல்மோ என்று ஒருவன் வருகிறான். பார்ப்பதற்குக் குடியும் கூத்துமாகத் திரியும் பட்டிக்காட்டான். உண்மையில் அவன் தேர்ந்த வீரன். மேலிடத்துக்காக ஊரைக் கண்காணித்துக்கொண்டிருப்பவன். அதே ஊரில் நல்லவர்கள் போலக் கடை வைத்திருக்கும் இரு வணிகர்கள் எதிரியின் ஒற்றர்கள். நம்பத்தகாதவன் போல் தெரிபவன் துணையாகவும், நம்பத்தகுந்தவர் போல் தெரிபவர் பகையாகவும் இருந்தால், ஆட்டக்காரர்கள் ஊரில் ஒவ்வொருவரையும் நின்று கவனிக்கத் தொடங்குகிறார்கள்.

எதிர்ப்படுபவரெல்லாம் எதிரியா?

இந்த விளையாட்டு வெட்டுவதற்கும் குத்துவதற்கும்தான் என்று எண்ணுவோர் உண்டு. 1974-இன் பழைய விதிகளே வேறு கதை சொல்கின்றன. வழியில் எதிர்ப்படுபவர் எப்படி நடந்துகொள்வார் என்று தெரியாவிட்டால், நடத்துநர் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டிப் பார்க்கலாம். கூட்டுத்தொகை 2 முதல் 5 வரை வந்தால் பகை. 6 முதல் 8 வரை தயக்கம். 9 முதல் 12 வரை நல்லெண்ணம்.

கணக்குப் போட்டால் உண்மை விளங்கும். இரு பகடைகள் 36 விதமாக விழலாம். அவற்றில் பகைக்கு 10, நல்லெண்ணத்துக்கும் 10, தயக்கத்துக்கு 16. அதாவது எதிரே வருபவர் பெரும்பாலும் தயங்கித்தான் நிற்பார். அந்தத் தயக்கத்தை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பது நாயகர்களின் கையில் இருக்கிறது.

1981-இல் வந்த தொடக்கநிலைப் பதிப்பு இன்னும் ஒருபடி மேலே போனது. கோப்ளின் எனும் குட்டிப் பூதத்திற்கு அதில் மன உறுதி 7. தன் கூட்டத்தில் முதல் ஆள் சாகும்போதும், பாதிப் பேர் வீழும்போதும் இரு பகடைகள் உருட்டப்படும். 7-க்கு மேல் வந்தால் சண்டையை விட்டு ஓடும் அல்லது பின்வாங்கும். 36-இல் 15 முறை அப்படி நடக்கும். உயிர்மேல் ஆசை பூதத்துக்கும் உண்டு என்பதை ஒரே ஓர் எண் சொல்லிவிடுகிறது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்ற பழமொழி இந்த மேசைக்கும் பொருந்தும். ஓடிப்போகும் கோப்ளினைப் பிடித்து, "உன்னை அனுப்பியது யார்?" என்று கேட்பவருக்குத்தான் கதையின் அடுத்த கதவு திறக்கும்.

ஒரு பாத்திரம் உருவாகிறது

பேசிக்கொண்டே போவதைவிட ஒரு பாத்திரத்தை உருவாக்கிப் பார்ப்பது நல்லது. இந்த விளையாட்டு என்றாலே ஐரோப்பியக் கோட்டையும் பனிமலையும்தான் என்று இருக்க வேண்டியதில்லை. மலேசிய எழுத்தாளர் ஸெடெக் சியூவும் ஓவியர் முன் காவும் சேர்ந்து ஆயிரமாயிரம் தீவுகள் என்ற பொருள்படும் தலைப்பில் சிறு நூல்களை வெளியிட்டார்கள். முதலைகளும் ஆறுகளும் காடுகளும் நிறைந்த தென்கிழக்காசியக் கற்பனை உலகம் அது. வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் அதை விரும்பிப் படித்தார்கள். ஆகவே இங்கே உருவாகும் பாத்திரமும் ஓர் ஆற்றங்கரையில் நிற்கட்டும்.

நாயகர்கள் விடிவதற்குள் அக்கரை சேர வேண்டும். ஆற்றில் வெள்ளம். இருப்பது ஒரே ஒரு சம்பான். அதன் உரிமையாளர் ஒரு முதிய பெண்மணி. ஊரார் அவரை மாக் தீமா என்று அழைக்கிறார்கள்.

முதல் கேள்வி, கதையில் இவருக்கு என்ன வேலை? நாயகர்களுக்கு வேண்டியது இவரிடம் இருக்கிறது. படகு மட்டுமன்று, எந்த இடத்தில் சுழல் இருக்கிறது என்பது இவருக்கு மட்டுமே தெரியும்.

இரண்டாவது, இவருக்கு என்ன வேண்டும்? இவருடைய ஒரே மகன் அக்கரையில் கொள்ளைக் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டான். வாரம் ஒருமுறை இரவில் கொள்ளையரை ஏற்றிச் செல்கிறார். கூலி வாங்குவதில்லை. மகன் முகத்தை விளக்கு வெளிச்சத்தில் ஒரு கணம் பார்ப்பதே கூலி.

மூன்றாவது, எதற்கு அஞ்சுகிறார்? படை வீரர்கள் போல் தெரியும் யாரையாவது அக்கரை சேர்த்தால், தன் கையாலேயே மகனுக்கு எமனைக் கூட்டிச் சென்றதாக ஆகுமே என்று அஞ்சுகிறார். நாயகர்களோ பார்ப்பதற்குப் படை வீரர்கள் போலத்தான் இருக்கிறார்கள்.

நான்காவது, இவருக்கு மட்டும் தெரிந்தது என்ன? கொள்ளையர் எந்தத் துறையில் இறங்குகிறார்கள், எத்தனை பேர், எந்த இரவில் காவல் இருக்காது என்பது.

ஐந்தாவது, ஆட்டக்காரர் நினைவில் தங்கும் ஒரு செய்கை. துடுப்பை எடுக்கும் முன் ஆற்று நீரைத் தொட்டு நெற்றியில் வைப்பார். யாருடைய முகத்தையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார், இளைஞர்களைத் தவிர. இரண்டு வாரம் கழித்து ஆட்டக்காரர்கள் பெயரை மறந்தாலும், 'நெற்றியில் தண்ணீர் வைக்கும் பாட்டி' என்று நினைவில் வைத்திருப்பார்கள்.

இந்த ஐந்தும் ஒரு சிறு அட்டையில் அடங்கும். 2014-ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் நடத்துநர் கையேடும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. தொழில், தோற்றம், திறன், பழக்கம், பேசும் முறை, அறிந்த செய்தி, இலட்சியம், பற்று, குறை அல்லது இரகசியம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும் என்கிறது. எழுதுவது குறைவாக இருக்கட்டும். எழுதியது ஒவ்வொன்றும் மேசைக்கு வரட்டும். பாத்திரத்தின் பாட்டன் பூட்டன் கதையைப் பத்துப் பக்கம் எழுதிவைத்தால், அதைப் படிப்பவர் எழுதியவர் ஒருவர்தான்.

இப்போது எண்கள்

ஐந்தாம் பதிப்பில் சாதாரணக் குடிமகனுக்கென ஓர் எண் பட்டியல் இருக்கிறது. வலிமை முதல் வசீகரம் வரை ஆறு தன்மைகளுக்கும் தலா 10. தற்காப்பு 10. உயிர்ப்புள்ளி 4. இந்தப் பட்டியலும் காவலர், ஒற்றர், கொள்ளையர் போன்றோரின் பட்டியல்களும் அடங்கிய அடிப்படை விதித்தொகுப்பை, 2023-இல் யாரும் பயன்படுத்தலாம் என்ற பொது உரிமத்தின் கீழ் வெளியிட்டுவிட்டார்கள். ஆகவே கைக்காசு செலவின்றியே தொடங்கலாம்.

புதிதாகக் கணக்குப் போடுவதைவிட, இருக்கும் பட்டியலை எடுத்து இரண்டு எண்களை மாற்றுவதே அனுபவசாலிகளின் வழி. மாக் தீமா ஆயுள் முழுதும் துடுப்புப் போட்டவர்; வலிமையை 14 ஆக்கலாம். பலவகை மனிதரை ஏற்றி இறக்கியவர், விவேகமும் 14. பத்துக்கு மேல் உள்ள ஒவ்வோர் இரண்டுக்கும் ஒரு புள்ளி கூடும் என்பதால், 14-க்குக் கூடுதல் 2. ஆளை எடைபோடும் திறமைக்கு இன்னொரு 2. ஆக, பொய் சொல்பவரைக் கண்டுபிடிக்கும் பகடையில் அவருக்கு 4 கூடுகிறது. "பாட்டி, நாங்கள் வெறும் வியாபாரிகள்" என்று நாயகர்கள் சொன்னால் அது எளிதில் எடுபடாது.

உயிர்ப்புள்ளியை என்ன செய்வது? புதியவருக்குக் கை துறுதுறுக்கும். முக்கியமானவர் ஆயிற்றே, நாற்பது கொடுக்கலாமே என்று தோன்றும். கொடுக்கக் கூடாது. நான்காகவே இருக்கட்டும். வலிமை 16 உள்ள வாள் வீரர் நீள்வாளால் வெட்டினால், எட்டுமுகப் பகடையில் விழும் எண்ணோடு 3 சேரும். பகடையில் ஒன்றே விழுந்தாலும் மொத்தம் 4. வெட்டு பட்டால் பாட்டி வீழ்ந்தார். அதோடு சுழலின் இரகசியமும் ஆற்றோடு போயிற்று. நாயகர்களுக்கு இவரைக் கொல்லும் ஆற்றல் முழுமையாக இருக்கிறது. ஆனால் கொன்றால் அக்கரை சேர முடியாது. இந்த நான்கு புள்ளிதான் அவர்களை உட்கார வைத்துப் பேச வைக்கிறது.

பேச்சுக்கும் கணக்கு உண்டு. எதிரில் உள்ளவரின் மனநிலை நட்பா, பகையா, பட்டும் படாமலுமா என்று அந்தக் கையேடு மூன்றாகப் பிரிக்கிறது. பட்டும் படாமலும் இருப்பவரிடம் நாயகர் 20 எடுத்தாலும் அவர் சிறு ஆபத்துக்கே சம்மதிப்பார். பெரிய ஆபத்துக்குச் சம்மதிக்க அவர் நட்பாக இருக்க வேண்டும்; அப்போதும் 20 வேண்டும். மகனின் உயிரைப் பணயம் வைப்பது ஒரு தாய்க்குப் பெரிய ஆபத்து. ஆகவே எத்தனை இனிமையாகப் பேசினாலும், எவ்வளவு பணம் கொடுத்தாலும், அவர் மனத்தில் உள்ளதை அறியாமல் படகு நகராது.

பேச்சில் 5 புள்ளி கூடுதல் உள்ள நாயகருக்கு, இருபது முகப் பகடையில் 15-உம் அதற்கு மேலும் விழ வேண்டும். நூற்றுக்கு 30 வாய்ப்பு. ஆனால் அவர் இளைஞர்களை மட்டும் நிமிர்ந்து பார்ப்பதைக் கவனித்து, "அம்மா, அக்கரையில் உங்கள் பிள்ளை யாரும் இருக்கிறார்களா?" என்று ஒருவர் கேட்டுவிட்டால், நடத்துநர் இரண்டு பகடைகள் உருட்டி உயர்ந்ததை எடுக்கவிடலாம். வாய்ப்பு 51 ஆகிவிடுகிறது. கேட்கத் தெரிந்த காதுக்கு விதியே வழிவிடுகிறது.

பெற்றவர் விட வேண்டிய பிள்ளை

இதுவரை சொன்னது உருவாக்கும் கலை. உருவாக்கியதை விடுவது அதைவிடக் கடினம்.

தான் படைத்த பாத்திரத்தின் மேல் நடத்துநருக்குப் பாசம் வந்துவிடுவது இயல்பு. பாசம் வந்ததும் அந்தப் பாத்திரம் எல்லாச் சண்டையிலும் வெல்லத் தொடங்கும்; எல்லாப் புதிருக்கும் விடை சொல்லத் தொடங்கும். நாயகர்கள் பக்கத்தில் நின்று கைதட்டும் கூட்டமாகிவிடுவார்கள். 1987-இல் வெளிவந்த ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகில் எல்மின்ஸ்டர் என்ற பெரும் மந்திரவாதி உண்டு. அவரைப் பற்றி ஆட்டக்காரர்கள் நெடுங்காலமாகச் சொல்லும் குறை ஒன்று இருக்கிறது. 'இத்தனை ஆற்றல் உள்ளவர் இருக்கும்போது உலகைக் காக்க நாங்கள் எதற்கு?' என்பதே அது.

ஆகவே மாக் தீமா சண்டையில் சேரக் கூடாது. அக்கரை சேர்ப்பதோடு அவர் வேலை முடிகிறது. நாயகர்கள் என்ன செய்வார்கள் என்று நடத்துநர் முன்கூட்டியே முடிவு செய்யவும் கூடாது. பணம் நீட்டினால் என்ன சொல்வார், மிரட்டினால் என்ன செய்வார், மகனைக் காப்பதாக வாக்குக் கொடுத்தால் எப்படி அழுவார் என்று மட்டும் தெரிந்திருந்தால் போதும். முடிவு மேசையில் இருப்பவர்களுடையது. அவர்கள் பாட்டியைக் கட்டிப்போட்டுப் படகைத் திருடினால், நடத்துநர் கோபப்படாமல் படகைச் சுழலில் விட வேண்டும். அவர்கள் பாட்டியைக் கொன்றே விட்டால், மூன்று நாள் எழுதிய அட்டையை மடித்து வைத்துவிட்டு, ஆற்றங்கரையில் அணைந்துபோன விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் செய்ததற்கு விளைவு இருக்க வேண்டும்; தண்டனையாக அது இருக்கக் கூடாது.

இதில் நடத்துநருக்கும் ஒரு பயிற்சி உண்டு. கொள்ளையனாகப் பேசும்போது கொள்ளையனின் நியாயத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். தம்பியைக் கொன்ற ஸ்ட்ராட் பிரபுவாகப் பேசும்போது, தான் இழைத்தது அநீதி என்று அவன் ஒருபோதும் ஒப்புக்கொள்ளாததைக் குரலில் கொண்டுவர வேண்டும். தனக்குப் பிடிக்காத ஒருவரின் வாயாகச் சற்று நேரம் இருந்து பார்ப்பதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை. இந்த மேசை சொல்லித் தருகிறது.

அக்கரையில்

ஆட்டக்காரர்கள் வாக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாட்டி நீரைத் தொட்டு நெற்றியில் வைத்தார். சம்பான் அக்கரை சேர்ந்தது. விடிவதற்குச் சற்று முன், கொள்ளையர் முகாம். தலைவனுக்கு உயிர்ப்புள்ளி 65. அவனைச் சுற்றி ஆறு கொள்ளையர். விதிப்புத்தகத்தில் சாதாரணக் கொள்ளையனுக்கு 11 புள்ளி, தற்காப்பு 12. ஆறு பேருக்கும் அதே எண்கள்தான்.

வேறொரு நாளாக இருந்தால், முதல் சுற்றிலேயே மந்திரவாதி நெருப்புருண்டை ஒன்றை எறிந்திருப்பார். ஆறும் கரியாகியிருக்கும். இன்று அவர் கை பகடைமேல் நிற்கிறது. அந்த ஆறு பதினொன்றில் எது பாட்டியின் மகன்?

யாருக்கும் தெரியவில்லை. தாளில் எந்த எண்ணும் மாறவில்லை. ஆனால் மேசையில் நால்வரும் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொள்கிறார்கள். "பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கலாமா?" என்கிறார் ஒருவர். "பாட்டி அவன் பெயரைச் சொன்னாரா? யாராவது கேட்டோமா?" என்கிறார் இன்னொருவர். கோட்டை வாசல் காவலனின் பெயரைக் கேட்காமல் கடந்து போன அதே நால்வர்தான் இவர்கள்.

ஐந்தாம் பதிப்பில் ஒரு சிறு விதி உண்டு. எதிரியின் கடைசி உயிர்ப்புள்ளியைப் போக்கும் அடி கைக்கெட்டும் தூரத்தில் விழுந்த அடியாக இருந்தால், அடித்தவர் அவனைக் கொல்லாமல் மயங்க வைக்கலாம். அம்புக்கு அந்தச் சலுகை இல்லை. தொலைவில் இருந்து எறியும் நெருப்புக்கும் இல்லை. ஒருவரை உயிரோடு விட வேண்டுமானால் அவர் அருகில் போய்த்தான் ஆக வேண்டும். அவர் கத்தி எட்டும் தூரத்தில் நின்றுதான் ஆக வேண்டும்.

வாள் வீரர் வில்லைக் கீழே வைக்கிறார். திருடரும் வைக்கிறார். நால்வரும் இருட்டில் முகாமை நோக்கி நடக்கத் தொடங்குகிறார்கள். அவர்களை அனுப்பிவைத்தது நான்கே புள்ளி கொண்ட ஒரு கிழவி.